வாங்கினதும் நான், தோய்க்கிறதும் நான்

போன பெப்ரவரியில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் மூன்றாவது தரமாக நின்றுபோனது. வாங்கி ஆறு வருடம்தான். திருத்த வந்தவர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, சர்க்கிட் போர்ட் போய்விட்டது, அதை மாற்றுகிற காசோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதாகவே ஒன்று வாங்கலாம் என்றார். மோட்டார் நல்லாக இருக்கிறது, தொட்டி நல்லாக இருக்கிறது, பம்ப் நல்லாக இருக்கிறது. உள்ளங்கை அளவு போர்ட் ஒன்று போனதால் அவ்வளவு பெரிய சாமான் குப்பைக்குப் போகிறது. நான் மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன். எங்கள் தொழில்தான் இதுக்குள்ளும் புகுந்து கெடுத்துவிட்டதோ என்று சின்னதாக ஒரு குற்ற உணர்ச்சிகூட வந்தது.

மனைவி அதையெல்லாம் யோசிக்கவில்லை. அன்றிரவே புது மெஷினுக்கு ஓடர் கொடுத்துவிட்டா. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதுதான் சரியான முடிவு. ஆனால் அது வந்து சேர இருந்த ஒன்பது நாட்களில், பிள்ளைகள் படுத்த பிறகு, நான் ஒரு பழைய ட்வின் டப் தேடத் தொடங்கினேன்.

என் வயதுக்காரர் சிலருக்கு ட்வின் டப் ஞாபகம் இருக்கும். ஒரே பெட்டிக்குள் இரண்டு தொட்டி. ஒன்றில் தோய்க்கிறது, மற்றதில் சுழற்றிப் பிழிகிறது. ஈர உடுப்பை ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்ற வேண்டியது நாங்கள்தான். ஊரிலும் இந்தியாவிலும் 'செமி ஆட்டோமேட்டிக்' என்ற பெயரில் இன்னமும் புதிதாகவே விற்கிறார்கள். இங்கே பிரிட்டனில் 1960களில் இதுதான் ராசா. வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்ற ஊரில் 1948இல் ஹூவர் திறந்த தொழிற்சாலை, 2009இல் அங்கே உற்பத்தி நிற்கும்வரை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஜோன் புளூம் என்றவர் கடைகளை விட்டுவிட்டு நேரடியாக வீடுகளுக்கு மலிவு விலையில் ட்வின் டப் விற்றுப் பெரிய பணக்காரராகி, 1964இல் அவருடைய ரோல்ஸ் ரேசர் கம்பனி கவிழ்ந்த கதையும் உண்டு. தேடத் தொடங்கினால் இப்படி எல்லாவற்றையும் வாசிப்பேன். இது மனைவிக்குப் பிடிக்காத பழக்கம்.

எங்கள் வீட்டுக்கு ட்வின் டப் வந்தது அதெல்லாம் முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு, 1993 அளவில். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. குசினியில் ஓட்டோமேட்டிக் மெஷினுக்குக் குழாய் இழுக்க வீட்டுக்காரர் விடவில்லை. அப்பா பழைய சாமான் கடையில் முப்பது பவுணுக்கு இதை வாங்கி வந்தார். கீழே சில்லு இருக்கும். சனிக்கிழமை காலையில் சிங்குக்குப் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து, தண்ணீர்க் குழாயில் ஒரு ஹோஸைச் செருகி, மற்ற ஹோஸைச் சிங்குக்குள் தொங்கவிட்டால் சரி.

எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஆவி. சவர்க்காரத் தூள் வாசம். சுடுதண்ணீருக்குள் இருந்து உடுப்பைத் தூக்குகிற நீளமான மர இடுக்கி. பிழிகிற தொட்டி வேகம் பிடிக்கும்போது வரும் விமானச் சத்தம். நான் கதிரையில் ஏறி நின்று பார்ப்பேன். யன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியில் விரலால் 'அ' எழுதுவேன். சின்ன வயதில் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால் அந்தக் குசினியைத்தான் சொல்லுவேன். சொல்லியும் இருக்கிறேன், என் கலியாணத்தில் மைக் பிடித்துப் பேசியபோது.

லூட்டனுக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் இருந்த மெஷினைத்தான் கடைசியில் வாங்கினேன். அதற்கு முன் பார்த்த இரண்டும் படத்தில் பளபள, நேரில் துரு. விற்றவர் மின்சாதனம் திருத்தி ஓய்வுபெற்ற ஒரு வயதான வெள்ளைக்காரர். விலை பேச முன்னமே மெஷினைச் சரித்து, அடியைப் பார் என்றார். உங்களில் யாருக்காவது இந்த விசர் பிடித்தால் உதவும் என்பதற்காக அவர் காட்டித் தந்ததைச் சொல்லுகிறேன். பிழிகிற தொட்டிக்கு நேர் கீழே துருக் கோடு வழிந்திருந்தால் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கசிகிறது என்று அர்த்தம். அந்த ரப்பர் இப்போது கிடைப்பது கஷ்டம், விட்டுவிட வேண்டும். வெளி எனாமலில் கீறல் இருந்தால் பரவாயில்லை. ஹோஸை மடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும், அது சின்னச் செலவு. பிளக்கைத் திறக்கும்போது உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை வயர் இருந்தால் அது 1970க்கு முந்திய வயர். அந்த வயதில் ரப்பர் உறை உதிரத் தொடங்கியிருக்கும். மாற்றும்வரை கரண்டில் செருகவே கூடாது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற சாமான், விளையாட்டு இல்லை.

எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது பிரேக். பிழிகிற தொட்டி முழு வேகத்தில் ஓடும்போது மூடியைத் தூக்கினால் மோட்டார் நின்று பிரேக் பிடிக்க வேண்டும். தூக்கிவிட்டு எண்ணு, ஐந்துக்கு மேல் போனால் வாங்காதே என்றார். இது மூன்றில் நின்றது. எழுபது பவுண் கொடுத்தேன். எலெக்ட்ரிஷன் நண்பன் ஒருவன் வயரையும் கப்பாசிட்டரையும் மாற்றி, மீட்டர் வைத்துப் பார்த்துத் தந்தான். முதல் தரம் தொட்டி சுற்றத் தொடங்கியபோது அதே விமானச் சத்தம். கராஜில் தனியாக நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தா. மெஷினைப் படுக்கை விரிப்பால் மூடிவைத்திருந்தேன். மகள், எட்டு வயது, விரிப்பை இழுத்தாள்.

அம்மா சிரிக்கவில்லை.

"உதை ஏன் தம்பி வாங்கினனீ?"

"ஞாபகம் இல்லையே அம்மா? ஈஸ்ட் ஹாம் வீட்டை இருந்ததுமாதிரி."

"ஞாபகம் இருக்கு. அதுதான் கேக்கிறன்."

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் சொன்னா. அந்த இரண்டு அறை வீட்டில் நாங்கள் நாலு பேர் மட்டும் இல்லை. சித்தப்பா, இரண்டு மாமாமார், அப்பாவின் ஊர்ப் பெடியன் ஒருவர் என்று எட்டுப் பேர். ஆம்பிளையள் எல்லாரும் பெற்றோல் ஸ்டேசனிலும் ரெஸ்ட்ரோரன்ட் குசினியிலும் வேலை. எல்லா உடுப்பிலும் பெற்றோல் மணம், பொரித்த எண்ணெய் மணம். இந்த மெஷினில் ஒரு தரத்துக்கு மூன்று கிலோ உடுப்புப் போட்டாலே கூட. எட்டுப் பேருடைய ஒரு கிழமை உடுப்பு என்றால் பத்துத் தரம் வரும். அம்மா வெள்ளி இரவு சான்ட்விச் செய்கிற இடத்தில் வேலை முடித்து, சனி காலை ஆறு மணிக்கு வந்து, படுக்காமல் அப்படியே மெஷினை உருட்டுவா. படுத்தால் எழும்ப ஏலாது என்ற பயம்.

"ஓட்டோமேட்டிக் எண்டால் போட்டிட்டுப் படுக்கலாம். இது நிண்டால்தான் தோய்க்கும். உனக்கு அது விளையாட்டு."

அம்மாவுக்கு இடது கை மோதிர விரல் நுனி கொஞ்சம் வளைந்திருக்கும். தேங்காய் துருவும்போது வெட்டியது என்றுதான் எனக்கும் தங்கச்சிக்கும் தெரியும். அன்றைக்கு அந்த விரலை மேசையில் வைத்தா. அந்த மெஷினில் பிரேக் தேய்ந்திருந்தது. மூடியைத் தூக்கினாலும் தொட்டி சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்க முன்னம் கையை விட்டா. மாமாவின் சேட்டுக் கை விரலில் சுற்றி இழுத்துவிட்டது.

"நீ அங்கைதான் நிண்டனீ. கதிரையிலை. குளறி அழுதனீ."

எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. நாங்கள் பயப்படக் கூடாது என்று பிறகு தேங்காய்க் கதை சொல்லியிருக்கிறார்கள், நானும் நம்பிவிட்டேன். ஆவியும் வாசமும் யன்னலில் எழுதின எழுத்தும் மட்டும் அப்படியே இருக்கிறது. கலியாணத்தில் நான் அந்தக் குசினியைப் பற்றிப் பேசியபோது அம்மா முன் வரிசையில் இருந்து கை தட்டினது வீடியோவில் இருக்கிறது.

மகள் கேட்டாள், "அப்பம்மா, ஏன் அப்பாட்டைச் சொல்லேல்லை?"

"அவன் கேக்கேல்லை."

இரவு மெஷினை விற்பதற்குப் படம் எடுத்தேன். எடுத்துவிட்டு அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரித்தான் தொடங்கினேன், அம்மா அதைக் கேட்கவே இல்லை.

"காசு குடுத்து வாங்கின சாமானை ஏன் விக்கிறாய்? பிரேக் பிடிக்குதெண்டால் வைச்சிரு. ஆனா நீதான் தோய்க்கோணும். அந்தப் பிள்ளையைக் கூப்பிடக் கூடாது." அந்தப் பிள்ளை என்றது என் மனைவியை. மனைவி ஏற்கெனவே தொடமாட்டன் என்று சொல்லிவிட்டா.

அடுத்த சனி ஒன்பது மணிக்கு அம்மா வந்து கராஜில் கதிரை போட்டு இருந்தா. நான் இன்டர்நெட்டில் படித்து வைத்த முறையில் தொடங்க, இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டா. முதலில் வெள்ளை, தண்ணீர் நல்ல சூடாக இருக்கும்போது. அதே தண்ணீரில் பிறகு நிறம், கடைசியில் கறுப்பும் கால்மேசும். நடுவில் தண்ணீர் மாற்றக் கூடாது, தூள் மட்டும் ஒரு கரண்டி கூடப் போடலாம். பிழிகிறபோது வருகிற சவர்க்காரத் தண்ணீரைத் திரும்பத் தோய்க்கிற தொட்டிக்கே விட வேண்டும். பத்து லீட்டர் வாளியால் அளந்து பார்த்தேன். நாலு வாளித் தண்ணீரில் மூன்று தரம் தோய்த்துவிட்டோம், அலசுகிற தண்ணீர் வேறு.

பிழிகிற தொட்டியில் உடுப்பை எறியக் கூடாது. வட்டமாகச் சுற்றி, சமமாக அமத்தி, மேலே ரப்பர்த் தட்டை வைத்து மூட வேண்டும். நான் ஒரு பக்கம் துவாயைக் குவித்துவிட்டேன். மெஷின் கராஜின் குறுக்காக நடக்கத் தொடங்கியது. மகள் சிரித்த சிரிப்பு அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். நீளமான உடுப்பும் போடக் கூடாது. தண்ணீரைச் சுழற்றுகிற தட்டு அதை முறுக்கிக் கயிறாக்கிவிடும். என் வேட்டியை அவிழ்க்க இருபது நிமிடம் போனது.

ஆனால் பிழிகிற விதம் ஒன்றுக்காகவே இதை வைத்திருக்கலாம். புது மெஷினின் பெரிய தொட்டியோடு பார்த்தால் இந்தத் தொட்டி ஒடுக்கம், வேகம் கூட. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விட்டம் பாதியாகி வேகம் இரண்டு மடங்கானால், தண்ணீரை வெளியே தள்ளுகிற விசை இரண்டு மடங்கு. துவாய் வெளியே வரும்போது பாதி காய்ந்த மாதிரி இருக்கும். லண்டன் குளிர்காலத்தில் ரேடியேட்டரில் உடுப்புக் காயப்போடுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மற்றபடி இது சுகமான சாமான் என்று சொல்லமாட்டேன். ஒன்றரை மணித்தியாலத்தில் நாலு தரம் தோய்த்து முடிகிறது, அது உண்மை. அந்த ஒன்றரை மணித்தியாலமும் நான் அங்கேதான் நிற்கிறேன், அதுவும் உண்மை. முதல் நாள் நாலாவது தரத்தில் இடுப்புப் பிடித்துவிட்டது. நான் எட்டு மணித்தியாலம் நித்திரை கொண்டு எழும்பி வந்தவன். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்பதால் மாதம் ஒரு தரம் சிற்றிக் அமிலம் போட்டு ஹீட்டரைக் கழுவ வேண்டியும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறோம். பிழிகிற தொட்டியின் மூடியைத் தொடக் கூடாது, நான் தூக்கும்போது இருவரும் சத்தமாக எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு என்று கேட்ட நாள் நான் பெல்ட்டையும் பிரேக்கையும் கழற்றிப் பார்ப்பேன். எண்ணும்போது அம்மா அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. அலசு, உதறு, பிழி, மடி, கொடியிலை போடு என்று மகளுக்கு இப்போது தமிழ்ச் சொற்கள் வருகின்றன. தமிழ்ப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'சலவை இயந்திரம்' மட்டும்தான் இருந்தது.

இப்போது சனிக்கிழமைகளில் துவாய், படுக்கை விரிப்பு, பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டுகள் எல்லாம் என் பொறுப்பு. மற்றதெல்லாம் புது மெஷினில் போகிறது. போன சனி அம்மா கதிரையில் இருக்க வரவில்லை. கார் கண்ணாடியை இறக்கி, பெரிய பை ஒன்றை நீட்டினா. தன்னுடைய விரிப்புகளும் தலையணை உறைகளும்.

"கோயிலுக்குப் போறன். அஞ்சு மணிக்கு வருவன். மடிச்சு வை."