சோளமும் கடுகும்

'கினிப் பன்றி' என்று தலைப்பிட்டிருந்தால் நம் வாசகர்களில் பாதிப் பேர் முகம் சுளித்துப் பக்கத்தைப் புரட்டியிருப்பர். ஆதலின் பெயர் பற்றிய வழக்கை முதலிலேயே தீர்த்துவிடுவோம். அந்தச் சிறு பிராணிக்கும் பன்றிக்கும் எவ்வித உறவும் இல்லை. கினி நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் காட்டு முள்ளம்பன்றி எப்படிப் பெயரளவில் மட்டும் பன்றியோ, அப்படித்தான் இதுவும். இரண்டுமே கொறித்துத் தின்னும் இனம். நம் முன்னோர் இதனைச் 'சீமைப் பெருச்சாளி' என்றனர். அதுவும் பெருமைக்குரிய பட்டம் அன்று! எங்கள் வீட்டில் இவ்விரு பெயர்களும் வழங்கவில்லை. வெளிர் மஞ்சள் நிறமுடையதைச் சோளம் என்றும், கறுத்ததைக் கடுகு என்றும் பேத்தி பெயரிட்டாள். பெயர்கள் நிலைத்துவிட்டன.

இவற்றின் தாயகம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடு. அங்குள்ள மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இவற்றை இறைச்சிக்கென வீட்டில் வளர்த்து வந்துள்ளனர். பெரு நாட்டில் இன்றும் அது விருந்துணவு. பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்ற பின்னரே இவை குழந்தைகளின் மடியில் இடம் பெற்றன. ஆய்வுக்கூடத்தின் மேசையிலும் இடம் பெற்றன. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அறிஞர்களான ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும், தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த இப்பிராணிகளுக்கு, கடலோடிகளைக் கொன்று குவித்த ஸ்கர்வி நோய் வரக் கண்டனர். உயிர்ச்சத்து 'சி'யைத் தம் உடலுக்குள்ளேயே ஆக்கிக்கொள்ள இயலாத உயிர்களில் மனிதனும் ஒருவன், இதுவும் ஒன்று. அந்த உயிர்ச்சத்தைக் கண்டறிய வழி திறந்தது இவற்றின் நோய்தான். கடலோர ஊரில் பிறந்து, பரம்பரையாகக் கப்பலிலும் தோணியிலும் பிழைத்த எங்களைப் போன்றோர்க்கு இது சிறிய கடன் அன்று.

மருமகன் சென்னையிலிருந்து ஒரு கூடையில் கொண்டுவந்தபோது இரண்டும் கைப்பிடியளவே இருந்தன. ஒரே ஈற்றில் பிறந்த பெண் குட்டிகள். குளிர்ந்த மலைநாட்டுப் பிராணிக்கு எங்கள் ஊரின் சித்திரை வெயில் ஒரு சோதனை. வெப்பம் 30 பாகையைத் தாண்டினாலே இவை துவண்டு விழக்கூடும். ஆகவே நடுக்கூடத்தின் சிமென்ட் தரையில், காற்றோட்டமான மூலையில், நனைத்த ஓடு ஒன்றை வைத்துக் கூடு அமைத்தோம். அருகம்புல், கொத்தமல்லித் தழை, குடைமிளகாய், ஒரு துண்டு கொய்யா: இவையே ஆகாரம். இரண்டும் ஒரு தண்டின் இரு முனைகளையும் பற்றிக்கொண்டு நடுவில் சந்திக்கும். உறங்கும்போது ஒன்றன் முதுகில் மற்றதன் தாடை. பிரித்தெடுத்தால் கீச்சிட்டு வீட்டையே எழுப்பிவிடும்.

மூன்றாம் ஆண்டில் சோளம் நோயுற்றது.

இரையாகப் பிறந்த உயிர்கள் தம் நோயை வெளிக்காட்டுவதில்லை. நோயாளி என்று தெரிந்தால் பருந்தும் நரியும் அதனையே தேடி வரும். ஆகவே வலியை விழுங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக மெல்வதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருக்கும். இதை அறிந்திருந்ததால் வாரந்தோறும் சமையலறைத் தராசில் இரண்டையும் நிறுத்து ஒரு நோட்டில் குறித்து வந்தோம். 920 கிராம் இருந்த சோளம் ஒரே வாரத்தில் 850ஆகக் குறைந்தது. மறுநாள் சிறுநீர் கழிக்கையில் முதுகைக் கூனிக்கொண்டு அலறியது. விரித்திருந்த துணியில் இளஞ்சிவப்புக் கறை. திருநெல்வேலியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். எக்ஸ்ரே படத்தில் சிறுநீர்ப்பையினுள் ஒரு பட்டாணியளவு கல் வெள்ளையாகத் தெரிந்தது. உடலுக்கு மிஞ்சிய சுண்ணாம்புச் சத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பிராணி இது; அது படிந்து கல்லாவது இந்த இனத்தில் அரிதன்று என்றார் மருத்துவர்.

அவர் கேட்ட முதற்கேள்வி எங்களுக்கு வியப்பளித்தது. "இதன் ஜோடி எங்கே?"

வீட்டில் இருக்கிறது என்றோம். அறுவைச் சிகிச்சைக்கு வரும்போது அதனையும் உடன் கொண்டுவரச் சொன்னார். பயணத்தின் நடுக்கத்தை அது குறைக்குமாம். மேலும், ஒன்று மட்டும் சென்று மருந்து நாற்றத்தோடு திரும்பினால், வீட்டிலிருப்பது அதனை அந்நியமாக எண்ணி விரட்டவும் கூடுமாம். இன்னொன்றும் சொன்னார். மனிதருக்குச் செய்வதுபோல் முதல்நாள் இரவே பட்டினி போடலாகாது. இப்பிராணிக்கு வாந்தியெடுக்க இயலாது. அதன் குடலோ ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். குடல் நின்றால் உயிர் நிற்கும்.

இந்தச் செய்தி ஊரில் பரவியபோது எழுந்த பேச்சையும் எழுதத்தான் வேண்டும். ஓர் எலிக்கு ஆறாயிரம் ரூபாயா என்று சிலர் நகைத்தனர். அந்தப் பணத்தை ஓர் ஏழைக் குமருக்குக் கொடுத்திருந்தால் நன்மை கிடைத்திருக்குமே என்று நெருங்கிய உறவினர் ஒருவர் மனம் வருந்தியே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கொடை வேறு, கடன் வேறு. பூனையொன்றைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியில் உள்ளதைத் தின்று பிழைக்க அவிழ்த்தும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாமெல்லாம் மதரஸா நாட்களிலேயே கேட்டிருக்கிறோம். அடைத்து வைத்தவருக்கே பொறுப்பு. காட்டில் இருக்கும் பிராணி தனக்கு வேண்டிய தழையைத் தானே தேடிக்கொள்ளும். எங்கள் கூட்டில் இருப்பதற்கு நாங்களன்றி யார்? ஏழைக் குமருக்குரியதை அதற்குரிய கணக்கில் கொடுப்போம். இதற்குரியதை இதற்குக் கொடுப்போம் என்று உறவினரிடம் கூறினோம். அவர் முழுமையாக ஒப்பவில்லை.

அறுவை முடிந்து கல் எடுக்கப்பட்டது. அதற்குப் பின்னர்தான் உண்மையான பாடு தொடங்கியது. சோளம் உண்ண மறுத்தது. தீவனக் குச்சிகளை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, பல்லுக்குப் பக்கவாட்டில் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். வேளைக்கு 10 மில்லி, மூன்று மணி நேரத்துக்கு ஒரு வேளை, இரவும் பகலும். தஹஜ்ஜுதுக்கு அலாரம் வைத்து எழாதவர்களும் அந்த நாட்களில் இரவு இரண்டு மணிக்கு எழுந்தோம் என்பதை ராத்தா இன்றும் சொல்லிச் சிரிப்பார். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், எண்பதை நெருங்குகிறவர். முதலில் அந்தக் கூட்டின் பக்கமே வராதிருந்தவர், நான்காம் இரவில் தாமே துண்டை விரித்து மடியில் ஏந்திக்கொண்டார்.

தையல் புண்ணைக் கடுகு நக்கிவிடாதிருக்க இரண்டுக்கும் நடுவே ஒரு கம்பி வலை வைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். ஒன்றையொன்று பார்க்கலாம், முகரலாம், தொட இயலாது. அந்த இரண்டு நாட்களும் அவை வலையின் இருபுறமும் ஒட்டிப் படுத்துக் கிடந்தன. கம்பியின் கட்டங்கள் இரண்டின் ரோமத்திலும் பதிந்திருந்தன. மூன்றாம் நாள் வலையை எடுத்தோம். கடுகு நேரே வந்து சோளத்தின் தாடையில் வழிந்திருந்த கூழை நக்கித் தின்றது. அதைக் கண்ட சோளம் தானும் வாயை அசைத்தது. கடுகின் வாயில் தொங்கிய கொத்தமல்லித் தண்டின் மறுமுனையைப் பற்றி இழுத்தது. நாங்கள் மூன்று நாட்களாகச் சிரிஞ்சால் சாதிக்க முயன்றதை அந்தத் தண்டு ஒரு நிமிடத்தில் சாதித்தது.

மருந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பெனிசிலின் வகை மருந்துகளை இவற்றின் வாயில் புகட்டலாகாது. குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிட, பிராணி சில நாட்களில் மாண்டுபோகும். 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் பெனிசிலினைச் சுண்டெலிகளிடம் சோதித்தார்கள். அவற்றுக்குப் பதில் இவற்றிடம் சோதித்திருந்தால் அந்த அருமருந்தை விஷமென்று எறிந்திருப்பார்களோ என்று சொல்வதுண்டு. எங்கள் மருத்துவர் வேறு வகை மருந்தே கொடுத்தார். அப்படியும் சோளத்தின் வயிறு கெட்டது. அப்போது அவர் சொன்ன பரிகாரத்தைக் கேட்டு ராத்தா தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆரோக்கியமாக உள்ள ஜோடியின் புழுக்கையை நீரில் கரைத்து வடிகட்டிச் சிறிதளவு புகட்ட வேண்டுமாம்! இழந்த நுண்ணுயிர்கள் அதிலிருந்து மீளக் கிடைக்குமாம். இந்த இனம் இயல்பாகவே தன் மென்புழுக்கையைத் தின்று சத்தை மீட்டுக்கொள்ளும் இனமாதலால் அதற்கு அது அருவருப்பும் அன்று. செய்தோம். இரண்டு நாட்களில் வயிறு சீரானது. கடுகு அருகில் இருந்ததே மருந்து என்று அதுவரை உவமையாகச் சொல்லிவந்தோம். அதன் பின்னர் உவமை தேவைப்படவில்லை.

ஐந்து மாதங்கள் நன்றாகச் சென்றன. பிறகு மீண்டும் அலறல், மீண்டும் கறை. இம்முறை கற்கள் சிறுநீரகத்திலும் இருந்தன. இன்னோர் அறுவையை அதன் உடல் தாங்காது என்ற மருத்துவர், வலி மிகுந்தால் ஊசி போட்டு அமைதியாக முடித்துவிடலாம் என்று மெல்லச் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டை இரண்டாக்கியது. தீர வழியில்லாத வேதனையை நீட்டிப்பது இரக்கமாகுமா என்றார் மருமகன். உயிரைத் தந்தவன் எடுக்கட்டும், நோவைத் தணிப்பது மட்டுமே நம் வேலை என்றார் ராத்தா. பள்ளியின் ஆலிமிடம் கேட்டோம். மார்க்க அறிஞரிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டென்று விளக்கி, இருசாராரின் நோக்கமும் கருணைதான் என்றார். தீர்ப்பை எங்கள் கையிலேயே விட்டார். இறுதியில் ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். வலிநிவாரணி தவறாமல் கொடுப்பது. சோளம் தானாக எதையேனும் உண்ணும்வரை, கடுகின் பக்கம் தானாக நகர்ந்து செல்லும்வரை காத்திருப்பது. இரண்டும் நின்றுவிட்டால் திருநெல்வேலிக்குப் புறப்படுவது. எட்டாம் நாள் மாலை அது உண்பதை நிறுத்தியது. ஆனால் இரவில் கடுகின் அருகே ஊர்ந்து சென்று படுத்தது. ஸுபுஹு பாங்குக்கு எழுந்தபோது உயிர் பிரிந்திருந்தது. அந்த எட்டு நாட்களைக் குறித்து மருமகனும் ராத்தாவும் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை.

உடலை உடனே அப்புறப்படுத்த வேண்டாம் என்பது மருத்துவரின் அறிவுரை. ஜோடி திடீரென மறைந்துபோனால் மற்றது தேடித் தேடிக் கூவும். கண்டுவிட்டால் அந்தத் தேட்டம் குறைவதுண்டு என்றிருந்தார். ஆகவே விடியும்வரை அப்படியே விட்டோம். கடுகு முகர்ந்தது. மூக்கால் இருமுறை தள்ளிப் பார்த்தது. காதின் ஓரத்தைச் சிறிது நேரம் கோதியது. பிறகு எதிர் மூலைக்குப் போய், முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. மையித்தைப் பார்க்க வரும் பெண்கள் முகத்திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் சென்று அமர்வதை நாங்கள் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். ஒருவரும் பேசவில்லை.

மாதுளை மரத்தடியில் புதைத்தோம். தொழவைக்க வேண்டாமா என்று பேத்தி கேட்டாள். பிராணிகளுக்கு ஜனாஸாத் தொழுகை இல்லை, அவை பாவம் அறியாதவை என்றார் ராத்தா. பின்னர் அவளை மடியில் அமர்த்தி அபூ உமைரின் வரலாற்றைச் சொன்னார். நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அவர். அவர் வளர்த்த சிட்டு இறந்துபோக, துயருற்றிருந்த அந்தச் சிறுவரிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரியவரை அழைப்பதுபோல் பட்டப்பெயரிட்டழைத்து, சிட்டுக்கு என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். ஷாஃபிஈ சட்ட அறிஞரான இப்னுல் காஸ் இந்த ஒரு நபிமொழியிலிருந்து அறுபது நுட்பங்களை எடுத்துத் தனி நூலே எழுதியிருக்கிறார். பேத்திக்கு அந்த அறுபதும் தேவைப்படவில்லை. "நபி அவங்களே கேட்டாங்களா?" என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிப்படுத்திக்கொண்டாள்.

கடுகு முதல் மூன்று நாட்கள் பாதி உணவே உண்டது. இப்போது தினந்தோறும் நிறுத்தோம். 940இலிருந்து 880 வரை இறங்கியது. பகலெல்லாம் மடியில் வைத்திருந்தோம். ஆனால் மனிதரின் மடி அதன் இனத்துக்கு ஈடாகாது. சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டின் சட்டப்படி இப்பிராணியைத் தனியே வளர்ப்பது குற்றம். துணையிழந்த முதிய விலங்குக்கு வாடகைக்குத் துணை தருவோரும் அங்கே தோன்றினர் என்று படித்துச் சிரித்தவர்கள்தாம் நாங்கள். நான்காம் நாள் நாங்களே மருமகனைச் சென்னைக்கு விரட்டினோம்.

அவர் கொண்டுவந்தது இரண்டு மாதக் குட்டி. நிறமோ கடுகினும் கறுப்பு. நோய் ஏதும் உண்டோ என்றறிய மூன்று வாரம் வேறோர் அறையில் வைத்திருந்தோம். பின்னர் இரண்டுக்கும் சொந்தமில்லாத வராந்தாவில், நடுவே அருகம்புல்லைக் குவித்து விட்டோம். கடுகு பல்லைக் கடித்து உறுமியது. குட்டியை இரண்டு சுற்று விரட்டியது. குட்டி அஞ்சாமல் திரும்பி வந்து புல்லின் மறுபக்கத்தில் அமர்ந்தது. ராத்தா நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு அஸர்வரை காவலிருந்தார். குட்டிக்கு 'எள்' என்று பெயர் வைத்தாயிற்று. நோட்டில் நேற்றைய கணக்கு: கடுகு 915, எள் 410.