புதுத் தொட்டிதானே, மேஸ்திரி?

ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் 9 நாள்தான் இருந்தது. பத்திரிகை அடித்தாகிவிட்டது. சமையல்காரருக்கு முன்பணமும் போய்விட்டது. திருச்சி புறநகரில், வயல் பிளாட்டாக மாறி சில வருடங்களே ஆன ஒரு தெருவில் அந்தப் புது வீடு. பாக்கி இருந்தது மூன்றே வேலைகள். கேட்டுக்கு இரண்டாவது கோட் பெயின்ட், மாடிப்படிக்குக் கைப்பிடி, அப்புறம் செப்டிக் டேங்க்குக்குள் இருக்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்து வெளியே எடுப்பது.

முதல் இரண்டும் நடந்துகொண்டிருந்தன. மூன்றாவதுதான் நகரவில்லை. மேஸ்திரி காலையில் வந்தார். தொட்டியின் இரண்டு மூடிகளையும் கடப்பாரையால் நெம்பித் திறந்து ஓரமாக வைத்தார். சுற்றிலும் நான்கு கம்புகளை நட்டுக் கயிறு கட்டினார். "இன்னிக்கு யாரும் இந்தப் பக்கம் வராதீங்கப்பா" என்று ஆட்களை மாடிக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. தபால் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்றைய பை அன்றைக்கே கட்டப்பட வேண்டும் என்று பழகியவர்.

"பலகை பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும் மேஸ்திரி?"

"ஒன்றரை மணி நேரம் ஆகும் சார்."

"அப்புறம் என்ன? இப்பவே ஆரம்பிச்சா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடுமே."

"நாளைக்குப் பிரிக்கலாம் சார். புளோயர் ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கேன். இன்ஜினீயர் தம்பி காத்து பாக்குற மீட்டர் கொண்டாரேன்னு சொல்லியிருக்கு."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "புதுத் தொட்டிதானே மேஸ்திரி? இன்னும் ஒரு ஆள்கூட பாத்ரூம் போகலையே!"

மேஸ்திரி சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்போம். செப்டிக் டேங்க் என்றால் விஷவாயு, விஷவாயு என்றால் கழிவு. கழிவே விழாத தொட்டியில் என்ன இருக்கப்போகிறது? தமிழ்நாட்டிலும் கேரளாவிலும், புதிதாகக் கட்டிய தொட்டிக்குள் பலகை பிரிக்க இறங்கியவர்கள் இறந்த செய்தி அவ்வப்போது வரத்தான் செய்கிறது. 'விஷவாயு தாக்கி' என்று தலைப்பு வைத்திருப்பார்கள். அது பாதிதான் சரி. பல நேரங்களில் அங்கே கொல்வது, உள்ளே இருக்கும் எதுவும் இல்லை. உள்ளே இல்லாமல் போன ஒன்று.

தொட்டியின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும்போது அடியில் பலகை அடித்து, சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுக்கிறார்கள். கான்கிரீட் இறுகும்வரை இரண்டு, மூன்று வாரம் அது அப்படியே நிற்கும். குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதே என்று வாயை மூடிவைப்பார்கள். உள்ளே ஈர மரம். அடியில் தண்ணீர், அதில் மரத்தூள், இலை, தழை. எல்லாம் சேர்ந்து ஊறி, பூஞ்சை பிடித்து, அழுகத் தொடங்கும். அழுகலுக்குக் காரணமான நுண்ணுயிர்கள் மூடிய தொட்டியில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, கார்பன் டை ஆக்சைடைக் கக்கிக்கொண்டே இருக்கும்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். அது 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக் கூடாது என்பது பாதுகாப்புத் துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட அளவு. 10-க்குக் கீழே போனால் நினைவு தப்பும். இன்னும் குறைந்தால் சில நிமிடங்கள்தான். இதில் கொடுமை என்னவென்றால், ஆக்சிஜன் இல்லாத காற்றுக்கு வாசனை கிடையாது. மூச்சுத் திணறுவதுபோலக்கூடத் தோன்றாது. ஏணியில் இறங்குகிறவருக்கு லேசாகத் தலை சுற்றும். 'மேலே போயிடலாமா' என்று யோசிப்பதற்குள் கால் மடங்கிவிடும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்காரரின் மனைவி மோர் கொண்டுபோய்க் கொடுத்தார். சும்மாதான் கேட்டார். "ஏன் மேஸ்திரி, காலைல சார் ஏதோ சிரிச்சாரு, உங்க முகமே மாறிப்போச்சே?"

மேஸ்திரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

14 வருடத்துக்கு முன்னால், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. இதே மாதிரி புதுத் தொட்டி. இதே மாதிரி கிரகப்பிரவேச அவசரம். காலையில் மூடியைத் திறந்த கையோடு ஒரு பையனை உள்ளே இறக்கினார்கள். இரண்டு பலகை தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. மேலே நின்றிருந்தது மேஸ்திரியின் மச்சினன், மனைவியின் தம்பி. வயது 26. குனிந்து பார்த்தவன், "மாமா, அவன் மயங்கிட்டான்" என்று கத்திக்கொண்டே உள்ளே இறங்கிவிட்டான். ஓடிவந்த மேஸ்திரி எட்டிப் பார்த்தபோது, முதலில் விழுந்தவனின் மேலேயே இவனும் கிடந்தான்.

"நானும் ஒரு காலை உள்ளே வச்சிட்டேம்மா. பக்கத்து வீட்டு ஆத்தா ஒண்ணு, எங்கிருந்து வந்துச்சோ, என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்துப் போட்டுருச்சு. 'நீயும் போயி விழவா'ன்னு சத்தம். நான் அதைக் கையால தள்ளிவிட்டேன். விடவே இல்லை. மேல உக்காந்துக்கிச்சு."

தீயணைப்பு வண்டி வந்தது. மூச்சுக் கருவி மாட்டிக்கொண்டு இறங்கி இரண்டு பேரையும் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் உயிர் இல்லை.

"அந்தத் தம்பிக்குக் குழந்தை இருந்துச்சா?" என்றார் அம்மா.

"ஏழு மாசம்மா. பொறக்கல அப்ப."

அந்த ஆத்தாவின் மேல் அவருக்கு ரொம்ப நாள் கோபம் இருந்ததாம். விட்டிருந்தால் மச்சினனைத் தூக்கியிருப்பேனே என்று. மனைவியும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருக்கிறார். வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். வருடங்கள் கழித்து ஒரு பாதுகாப்புப் பயிற்சியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்ததாம், இறங்கியிருந்தால் அன்றைக்கு மூன்று பேர் என்று. போன வருடம் மூத்த மகளுக்குக் கல்யாணம். குலதெய்வத்துக்கு அடுத்த பத்திரிகை அந்த ஆத்தாவுக்குப் போனது.

காப்பாற்றப் போகிறவர் சாவது தற்செயல் அல்ல. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1986-இல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. தொட்டி, கிணறு, குழாய் போன்ற அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள், விழுந்தவரைத் தூக்கப் போனவர்கள்தான் என்றது அது. அங்கே விழுபவர் நமக்கு யாரோ ஒருவராக இருப்பதில்லை. தம்பி, அப்பா, ஒரே தட்டில் சாப்பிட்டவன். கண்முன்னே விழுந்தவனைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நிற்க யாரால் முடியும்? நிற்க முடியாது என்பதால்தான், விழுவதற்கு முன்பே யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் அதை யோசித்துத்தான் வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 36-ஆவது பிரிவு, ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி போன்ற இடங்களைப் பற்றியது. காற்றைச் சோதித்து, ஆபத்தில்லை என்று தகுதியான ஒருவர் எழுதிக் கொடுத்தால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் மூச்சுக் கருவி மாட்டி, இடுப்புப் பெல்ட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். சுதந்திரம் வந்த அடுத்த வருடமே எழுதிய வரி இது. 2020-இல் நாடாளுமன்றம் இதையும் சேர்த்து 13 சட்டங்களை ஒரே தொகுப்பாக்கியது.

ஆனால் அது தொழிற்சாலைக்கு. வீட்டுக் கொல்லைக்கு யார் வந்து பார்ப்பார்கள்? கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்று 1996-இல் வந்த மத்தியச் சட்டம் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கானதாக இருந்தது. 10 லட்சம் ரூபாய்க்குள் சொந்த வீடு கட்டுபவரையும் அது விட்டுவிட்டது. ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் என்று நடக்கிற தெருவோர வீட்டு வேலை எந்த ஆய்வாளரின் டைரியிலும் ஏறுவதில்லை. அங்கே விதி என்று ஒன்று இருந்தால், அது மேஸ்திரியின் பிடிவாதம்தான்.

அன்று சாயங்காலம், புளோயர் வாடகையைப் பற்றி வீட்டுக்காரர் மறுபடி ஆரம்பித்தபோது, "அதை நான் கொடுக்கிறேன், நீங்க சும்மா இருங்க" என்றார் அம்மா. இன்னொன்றும் சொன்னார். இந்தத் தொட்டி எந்த மூலையில் வரணும் என்று வாஸ்துக்காரரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டார்கள். வடமேற்கு, வாயு மூலை என்று அவர் சொன்னபடியே தோண்டினார்கள். "மூலையில இருக்கிற வாயுவுக்கு அவ்வளவு பயந்தோம். உள்ள இருக்கிற வாயுவைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டோமா?"

மறுநாள் காலை இன்ஜினீயர் வந்தார். சின்னப் பையன், அப்பாவின் பைக்கில். கையடக்கமான மீட்டர். அதை நீளக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். மூடி திறந்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆகியிருந்தது. வாய்க்கு அருகில் 20.8 காட்டியது. பாதி ஆழத்தில் 19.9. அடியில், முட்டுக் கம்புகளுக்கு நடுவே இறங்கியதும் 'பீப் பீப்' என்று கத்த ஆரம்பித்தது. 17.6.

வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். "ஒரு நாள் திறந்து வச்சும் இப்படியா?"

"நேத்து காலைல என்னவா இருந்திருக்கும்னு பாத்துக்கங்க சார்" என்றார் மேஸ்திரி. நக்கலாகச் சொல்லவில்லை.

அடியில் தேங்கியிருந்த தண்ணீரை வெளியே வைத்த கரன்ட் மோட்டாரில் குழாய் விட்டு இறைத்தார்கள். டீசல் இன்ஜினைத் தொட்டிக்கோ கிணற்றுக்கோ உள்ளே இறக்கி ஓட்டுவது இன்னொரு எமன். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கும் வாசனை கிடையாது. பிறகு புளோயரின் துணிக்குழாயை ஒரு மூடி வழியாக அடிவரை விட்டு, இன்னொரு மூடி வழியாகப் பழைய காற்று வெளியேறும்படி ஒரு மணி நேரம் ஓட்டினார்கள்.

சும்மா இருந்த அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் வீட்டுப் பழைய செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டதாம். "ஆள் இருக்காங்கல்ல, அப்படியே நம்மளதையும் பார்த்துட்டா..."

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "அதுல ஆளை இறக்கவே கூடாதுண்ணே. வண்டியைக் கூப்பிடுங்க. 14420-க்குப் போன் பண்ணுங்க."

அது வேறு வகை ஆபத்து. பழைய தொட்டியில் ஆக்சிஜன் குறைவதோடு ஹைட்ரஜன் சல்பைடும் சேர்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பிபிஎம் அளவைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே தெரியாது. 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கிற இடம்தான் சாவு. கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்க்கிற பழைய வழக்கமும் இங்கே உதவாது. இந்த வாயு இருக்கிறதா என்று விளக்கு சொல்லாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும்.

கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யப் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. யாரும் இறக்கக் கூடாது என்றால் வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் தடவைக்கே 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014-இல் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்ப் பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்ந்திருக்கிறது. சாவு நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். கூப்பிட்டாரா என்பது தெரியாது.

மீட்டரை மறுபடி இறக்கினார்கள். மேலே, நடுவில், அடியில். மூன்று இடத்திலும் 20.9. புளோயரை நிறுத்தவில்லை. மூன்று சாரக் குழாய்களை முக்காலிபோல வாய்க்கு மேல் நிறுத்தி, கப்பி மாட்டி, கயிற்றைக் கோத்தார் மேஸ்திரி. இறங்கப்போகிற பையனுக்குத் தோளிலும் தொடையிலும் மாட்டுகிற பெல்ட். மயங்கிய ஒரு ஆளை இரண்டடி வாய் வழியாக வெறும் கையால் தூக்க முடியாது. யாரும் உள்ளே இறங்காமலேயே தூக்க வேண்டும் என்றால் கப்பி வேண்டும்.

"உள்ள போனதும் பேசிக்கிட்டே இருக்கணும் தம்பி. நான் கூப்பிட்டா உடனே பதில் வரணும். வரலைன்னா இழுத்துருவேன். அப்புறம் முதுகு தேஞ்சுச்சுன்னு சொல்லக் கூடாது."

"என்ன பேசுறதுண்ணே?"

"சினிமாக் கதை சொல்லு."

பையன் இறங்கினான். முதல் பலகை தட்டும் சத்தம் வந்தது. தீபாவளிக்கு வந்த ஏதோ ஒரு படத்தின் கதை, சம்மட்டி அடிகளுக்கு நடுவே துண்டுதுண்டாக மேலே வந்துகொண்டிருந்தது. ஆணிகளோடு பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கறுத்து, பூசணம் பூத்து, தொட்டால் வழுக்கின.

வீட்டுக்காரர் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"நான் எதையாவது பிடிக்கட்டுமா மேஸ்திரி?"

மேஸ்திரி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். தன் கையில் இருந்த கயிற்றின் வால் பகுதியை எடுத்து அவரிடம் கொடுத்தார். "கையில ஒரு சுத்து சுத்திக்கங்க சார். நான் இழுன்னு சொன்னா என்னோட சேர்ந்து இழுங்க. எட்டி மட்டும் பார்க்காதீங்க."

சட்டைப் பையில் போன் அடித்தது. ஓமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்வதற்காக ஐயர் கூப்பிடுகிறார். அது அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.