பல்லைக் கடித்துக்கொண்டு

பொறுமையைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் தமிழ் பற்களைத்தான் துணைக்கு அழைக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினாள், பல்லைக் கடித்துக்கொண்டு வேலையில் நீடித்தான் என்று சொல்லும்போது நம் குரலில் ஒரு மெச்சுதலும் சேர்ந்துகொள்கிறது. உடல் இத்தொடரைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றக்கூடியது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு பல் மருத்துவர்.

சென்ற ஆண்டு என் மனைவியின் மார்பில் தென்பட்ட கட்டியிலிருந்து சிறிது திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வரப் பத்து நாட்களாகும் என்றார்கள். அந்நாட்களில் மகனின் தேர்வைப் பற்றிப் பேசினோம், தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினோம். கட்டியைப் பற்றி இருவருமே பேசவில்லை. காலையில் எழும்போது நெற்றிப்பொட்டு இரண்டிலும் வலி. காதுக்கு முன்னால் ஓர் இறுக்கம். இரண்டு தோசையை மென்று முடிப்பதற்குள் கன்னம் சலித்துவிடும். காதில் குறையேதுமில்லை என்று கண்ட காது மருத்துவர் என்னைப் பல் மருத்துவரிடம் அனுப்பினார். அவரோ தேய்ந்துபோன கடைவாய்ப் பற்களையும் நாக்கின் ஓரத்தில் பதிந்திருந்த பல் தடங்களையும் கண்ணாடியில் காட்டிவிட்டு, "ஏதாவது கவலைங்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளைகள் உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் வயிற்றில் பூச்சி என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் தீர்ப்பு. பெரியவர்கள் கடிப்பதற்கு அவர்களிடம் தீர்ப்பு ஏதுமில்லை. மருத்துவம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. உறக்கத்தில் கடிப்பது, தூக்கம் கணநேரம் மேலோட்டமாகும் வேளைகளில் தாடைத் தசைகள் தாமாகவே இயங்குவதால் நேர்வது. கவலை மட்டுமே அதற்குக் காரணமன்று. காப்பி, மது, புகை, மனச்சோர்வுக்கான சில மருந்துகள் ஆகியவையும் அதைத் தூண்டக்கூடும். விழித்திருக்கையில் ஓசையின்றி இறுக்கிக்கொள்வது மற்றொரு வகை. இரவில் அணியும் நைட் கார்டு பற்களைத் தேயாமல் காக்கும், கடிப்பதை நிறுத்திவிடாது. பகலில் இறுக்குவதை நாமே கண்டுபிடித்துத் தளர்த்த முடியும்.

மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொட வேண்டிய தேவையே இல்லை. உதடுகள் மூடியிருக்க, பற்களுக்கிடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே தாடையின் ஓய்வு நிலை. இதற்கு நம் எழுத்தொன்றே உதவுகிறது. 'ன்' என்று ஒலித்து, நாக்கை அங்கேயே நிறுத்திப் பாருங்கள். நுனிநா மேலண்ணத்தைத் தொட்டிருக்கும், பற்கள் விலகியிருக்கும். ற, ன இரண்டும் நுனிநா உயர்ந்து அண்ணத்தைத் தொடப் பிறக்கும் என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்திருக்கிறார். தாடை வலிக்கும் அவர் உதவுவார் என்று நான் எதிர்பார்த்ததில்லை. சிவப்பு விளக்கில் வண்டி நிற்கும்போதும், தொலைபேசி மணி அடிக்கும்போதும், கணினியைத் திறக்கும்போதும் ஒரு 'ன்'. இரவில் கன்னத்தில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். சில வாரங்களுக்கு முறுக்கும் சீடையும் கிடையாது. மாலைக் காப்பியும் நின்றது.

எட்டாம் நாள் நள்ளிரவில் மனைவி என் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"என்னங்க, பல்லை இப்படிக் கடிக்கிறீங்களே."

"நீ தூங்கலையா?"

"இல்லை." சற்றுப் பொறுத்து, "பயமா இருக்குதுங்களா?" என்றாள்.

"ஆமா."

"எனக்குந்தான்."

விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். முடிவு மோசமாக வந்தால் யாரிடம் காட்டுவது, அவள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது, மகனிடம் எவ்வளவு சொல்வது என்றெல்லாம். பற்களை இறுக்கிக்கொண்டு இவற்றையெல்லாம் பேச முடியாது. பேசுவதற்கு வாய் திறந்தாக வேண்டும். அன்று காலை என் நெற்றிப்பொட்டு வலிக்கவில்லை.

கட்டி தீங்கற்றது என்று முடிவு வந்தது. தாடைக்கு அச்செய்தி போய்ச் சேர மேலும் ஒரு மாதம் பிடித்தது. வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொண்டால் உடனே பல் மருத்துவரைப் பாருங்கள். தாடை வலியோடு நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் அது கவலையென்று எண்ணிக் காத்திராமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். மற்றபடி, இந்தக் கணம் உங்கள் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.