ஒரு மீட்டர் அகலத்தில் நாலு நாடு!

சென்னை பீச்சுல இருந்து தாம்பரம் வரைக்கும் ஒரு காலத்துல மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் ரயில் ஓடுச்சுன்னு அப்பா சொல்வார். 2004-ல் அதை நிறுத்திட்டாங்க. நான் அப்ப பிறக்கவே இல்லை! இப்ப நம்ம ஊர்ல ஒரு மீட்டர் அகலப் பாதையைப் பார்க்கணும்னா மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயில் ஏறணும். மத்ததெல்லாம் 1,676 மில்லிமீட்டர் பிராட் கேஜா மாறியாச்சு.

ஆனா, வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கதையே வேற பாஸ்! சிங்கப்பூர் எல்லையில ஆரம்பிச்சு மலேசியா, தாய்லாந்து தாண்டி லாவோஸ் தலைநகர் வரைக்கும் இன்னும் அதே ஒரு மீட்டர்தான். நானும் என் ரூம்மேட்டும் சிவில் இன்ஜினீயரிங். ரயில்வே பேப்பருக்கு விடிய விடியப் படிச்சப்ப வந்த கிறுக்கு இது... அந்த ஒரு மீட்டரைப் பிடிச்சுக்கிட்டே எவ்வளவு தூரம் போக முடியும்? ரெண்டு வருஷம் முகூர்த்த நாளெல்லாம் கேட்டரிங் வேலைக்குப் போய், பந்தியில சாம்பார் ஊத்தியே காசு சேர்த்தோம். வீட்ல பாதி போட்டாங்க. 2025 ஜூன் லீவுல 20 நாள்... கிளம்பிட்டோம்ல!

அஞ்சு நிமிஷ ரயில்!

சிங்கப்பூர்ல இருந்து மலேசியாவுக்கு ரயில்ல போக எவ்வளவு நேரம் தெரியுமா? அஞ்சே நிமிஷம்! நாங்க போனப்ப உட்லண்ட்ஸ்ல ஏறி, ஜலசந்தி மேல 1924-ல் முறைப்படி திறந்த ஒரு கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டினா ஜோகூர் பாரு. சீட்ல உட்கார்ந்து பையை மடியில வைக்கறதுக்குள்ள இறங்கச் சொல்லிட்டாங்க. பாஸ்போர்ட் க்யூவுல நின்ன நேரம்தான் ஜாஸ்தி.

முன்னாடி இந்த ரயில் சிங்கப்பூர் நகரத்துக்குள்ள தஞ்சோங் பகார் ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. 2011 ஜூன் 30-ம் தேதி கடைசி ரயில். அதை ஓட்டிட்டுப் போனவர் ஜோகூர் சுல்தான்! அப்புறம் தண்டவாளத்தைப் பிரிச்சு எடுத்துட்டு, 24 கிலோமீட்டருக்கு நடைபாதை ஆக்கிட்டாங்க. காலையில அதுல கொஞ்ச தூரம் நடந்தோம். ஜாகிங் போறவங்க, சைக்கிள், புல்வெளி... நடுவுல புக்கிட் தீமாவுல பழைய இரும்புப் பாலம் மட்டும் அப்படியே நிக்குது.

140-ல் பறக்குது மீட்டர் கேஜ்!

'மீட்டர் கேஜா... அது மெதுவாத்தான் போகும்'னு நினைப்பீங்க. மலேசியாவுல ஈ.டி.எஸ். ரயில் ஏறிப் பாருங்க! பெட்டிக்குள்ள இருக்கிற டிஸ்ப்ளேல வேகம் 138, 139, 140-ன்னு ஏறுது. ரூம்மேட் அதை வீடியோ எடுத்து எங்க கிளாஸ் குரூப்ல போட்டு, "பார்த்தீங்களாடா, பாதை குறுகலா இருந்தா பரவாயில்ல, ஒழுங்கா போடணும்"னு தத்துவம் வேற! செரம்பான்-கெமாஸ் இரட்டைப் பாதையைப் போட்டது நம்ம இந்திய அரசு நிறுவனமான இர்கான். அந்தப் பகுதியில ரயில் ஓடும்போது ரெண்டு பேரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

ஆனா, இந்த நாட்டு ரயிலுக்கும் நமக்கும் சொந்தம் இர்கானுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சது. மலாயாவின் முதல் ரயில் பாதை தைப்பிங்ல இருந்து போர்ட் வெல்ட் வரைக்கும். சுமார் 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1-ம் தேதி திறந்தாங்க. தகரத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை இது. போட்டவங்க இலங்கையில இருந்து வந்த தொழிலாளர் படை. அப்புறம் பாதை நீள நீள, கட்டையும் இரும்பும் சுமக்கத் தமிழ்நாட்டுல இருந்து ஆள் போச்சு. ஸ்டேஷன் மாஸ்டராவும் கிளார்க்காவும் யாழ்ப்பாணத்துல இருந்து ஆள் வந்தாங்க. கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு ஒட்டின மாதிரி இருக்கிற பிரிக்ஃபீல்ட்ஸ்ல இன்னைக்கும் இட்லிக் கடையும் பூக்கடையும் வரிசையா இருக்குன்னா, காரணம் அந்த ரயில்வேதான்.

தைப்பிங்ல இறங்கி அந்த முதல் பாதையைத் தேடிப் போனோம். தண்டவாளமே இல்லை. போர்ட் வெல்ட் இப்ப கோலா செபெத்தாங், மீனவ ஊர். டிக்கெட் கவுன்ட்டரும் பழைய பெயர்ப் பலகையும் மட்டும் கடைகளுக்கு நடுவுல நிக்குது. பலகையில தமிழ்லயும் ஊர் பேர் இருக்கு. ரயில் போனப்புறமும் எழுத்து இருக்கு!

பாட்டியின் ஐ.சி. கார்டு

அடுத்து சுங்கை பட்டாணி. பேரே பசிக்குதுல்ல? ரூம்மேட்டோட அப்பாவுக்குச் சித்தி முறை வர்ற ஒரு பாட்டி அங்க இருக்காங்க. வயசு 82. ரப்பர் தோட்டத்துலயே பிறந்து, வளர்ந்து, பால்மரம் வெட்டி ரிட்டயர் ஆனவங்க. ரொட்டி சானாயும் மீன் குழம்பும் போட்டு எங்களைத் திணறடிச்சுட்டு, "அடுத்து எங்கய்யா போறீங்க?"ன்னு கேட்டாங்க. "காஞ்சனபுரி பாட்டி... தாய்லாந்து."

"சயாமா?"ன்னாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

1942-43ல தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான் ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. காடு, மலை, பாறை... எல்லாத்தையும் வெட்டி ஒரு வருஷம் சொச்சத்துல முடிச்சாங்க. வேலை பார்த்தவங்க 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள். அவங்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். அதுல பல்லாயிரம் பேர் மலாயா தோட்டத்துத் தமிழர்கள். நல்ல கூலி, சீக்கிரம் திரும்பிடலாம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது பாதி. லாரியில பிடிச்சு ஏத்தினது மீதி. மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஆர்.சண்முகம் இதை வச்சு எழுதின நாவல் பேரே 'சயாம் மரண ரயில்'.

"எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போனப்ப நான் அம்மா வயித்துல ஏழு மாசம்"னாங்க பாட்டி. "போனவரு போனவருதான். செத்தாருன்னும் யாரும் சொல்லல, இருக்காருன்னும் சொல்லல. அம்மா சாகற வரைக்கும் தாலியைக் கழட்டல. அம்மா போனப்புறம்தான் நான் ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்கும் சேர்த்துப் படையல் போடறேன். தேதி தெரியாதுல்ல."

போட்டோ இருக்கான்னு ரூம்மேட் கேட்டான். இல்லை. உள்ள போய்த் தன்னோட அடையாள அட்டையை எடுத்துட்டு வந்தாங்க. ஐ.சி.ன்னு சொல்றாங்க அங்க. மலேசியத் தமிழர்களுக்கு அதுல தன் பேர், அப்புறம் 'ஏ/பி', அப்புறம் அப்பா பேர்னு இருக்கும். ஏ/பி-ன்னா மலாய்ல 'மகள்'. அந்த ரெண்டு எழுத்துக்குப் பக்கத்துல அவர் பேர். அவர் இருந்தார்ங்கிறதுக்கு அந்த வீட்ல வேற ஆதாரம் கிடையாது.

ரூம்மேட் அதைப் பார்த்துத் தன் பாக்கெட் நோட்டுல எழுதிக்கிட்டான். "அந்த ஆத்துல ஒரு கை தண்ணி எடுத்து விடுய்யா. பேரைச் சொல்லி விடு"ன்னாங்க பாட்டி.

ஒரு மணி நேரம் லாபம்!

மலேசிய எல்லை ஸ்டேஷன் பாடாங் பெசார். ஒரே கட்டடத்துக்குள்ள முதல்ல மலேசியா முத்திரை, அடுத்து தாய்லாந்து முத்திரை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைக்கணும். ஏ.சி. ரயில் போய், ஜன்னல் திறந்து வைக்கிற ரயில் வருது. ஆனா, தண்டவாளம் அதேதான். பூமிக்கு மேல எல்லாம் மாறுது, கீழே அந்த ஒரு மீட்டர் மட்டும் பேசாம போய்க்கிட்டே இருக்கு.

ஹாட் யாய் ஸ்டேஷன்ல சாயங்காலம் ஆறு மணி. திடீர்னு ஸ்பீக்கர்ல பாட்டு. பிளாட்பாரத்துல இட்லித் தட்டு சைஸுக்குப் பொட்டலம் பிரிச்சுச் சாப்பிட்டுட்டு இருந்தவங்ககூட எழுந்து நின்னாங்க. நாங்களும் நின்னோம். தேசிய கீதமாம்! தினமும் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் நாடு முழுக்க ஒலிக்குமாம். பாட்டு முடிஞ்சதும் எல்லாரும் விட்ட இடத்துல இருந்து சாப்பாட்டைத் தொடர்ந்தாங்க.

ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்து பாங்காக். அங்கே தோன்புரி ஸ்டேஷன்ல இருந்து காஞ்சனபுரிக்கு ஃபேன் போட்ட மூணாம் வகுப்பு ரயில்.

பேர் இருக்கிற கல்லும் இல்லாத மண்ணும்

காஞ்சனபுரி ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துலயே போர் வீரர் கல்லறைத் தோட்டம். 6,900-க்கும் மேற்பட்ட கல்லறைகள். வெட்டி விட்ட புல், வரிசை பிசகாத கற்கள், ஒவ்வொண்ணுலயும் பேர், படைப் பிரிவு, வயசு. 21, 23, 22... எங்க கிளாஸ் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி இருந்துச்சு. சில கல்லுல வீட்டுக்காரங்க அனுப்பின ரெண்டு வரி. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நெதர்லாந்துல இருந்து பேரன் பேத்திகள் வந்து பூ வைக்கிறாங்க. பார்க்கவே மனசு என்னவோ பண்ணுது.

இந்தப் பாதையில செத்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல. ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர்னு மதிப்பிடறாங்க. போர்க்கைதிகளுக்கு அவங்க அதிகாரிகளே பட்டியல் வச்சிருந்தாங்க. காலராவுல செத்தா தேதியோட எழுதினாங்க. தோட்டத்து ஆளுக்கு யார் எழுதறது? அதிகாரி இல்லை, டாக்டர் இல்லை, பட்டியலும் இல்லை.

குவாய் பாலத்துல ஏகப்பட்ட கூட்டம். செல்ஃபி எடுக்க இடமில்லை! வளைஞ்ச இரும்புச் சட்டங்கள் ஜாவாவுல இருந்து கழட்டிக் கொண்டுவந்தவை. நடுவுல ரெண்டு மட்டும் கோணலா வேற டிசைன்ல இருக்கும். குண்டு விழுந்து போனதுக்குப் பதிலாப் போருக்கு அப்புறம் மாட்டினது. 1957-ல் வந்த ஹாலிவுட் படம்தான் இந்தப் பாலத்தை உலகத்துக்கே காட்டுச்சு. அதை எடுத்தது இலங்கையில, கித்துல்கலவுல! கதை பிரிட்டிஷ் போர்க்கைதிகளைச் சுத்தியே நடக்கும். கூட வேலை பார்த்த தோட்டத் தமிழர்களுக்கு அதுல கதை இல்லை.

ஹெல்ஃபயர் பாஸ்னு ஓர் இடம். ஏறத்தாழ 25 மீட்டர் ஆழத்துக்குப் பாறையை நேரா வெட்டியிருக்காங்க. சுத்தியலும் உளியும் வெடிமருந்தும்தான் கருவி. ராத்திரி தீப்பந்த வெளிச்சத்துலயும் வெட்டினதால 'நரக நெருப்பு'ன்னு பேர் வந்துச்சு. உள்ளே நின்னு நிமிர்ந்து பார்த்தப்ப எங்க எஸ்டிமேஷன் பேப்பர்தான் ஞாபகம் வந்துச்சு. கடினப் பாறையில ஒரு கனமீட்டர் தோண்ட இத்தனை மஸ்தூர்னு ஒரு வரி வரும். விடையைப் பெருக்கி எழுதி மார்க் வாங்கிட்டுப் போயிடுவோம். அங்கே நின்னு கணக்குப் போட எங்க ரெண்டு பேருக்கும் வாய் வரல.

தாம் கிராசே ஸ்டேஷன்ல இறங்கினோம். மலையை ஒட்டி, ஆத்துக்கு மேல மரத்தூண்கள்ல நிக்குது பாதை. ரயில் அதுல நத்தை மாதிரி ஊர்ந்து போகுது. கீழே குவாய் நொய் ஆறு. ரூம்மேட் செருப்பைக் கழட்டிட்டு இறங்கினான். நோட்டைப் பிரிச்சுப் பார்த்து, ரெண்டு கையிலயும் தண்ணி எடுத்து, அந்தப் பேரைச் சத்தமாச் சொன்னான். மேல போட்டோ எடுத்துட்டு இருந்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. இன்னொரு தடவை சொன்னான்.

அப்புறம் பாட்டிக்கு வீடியோ கால். அவங்க அழல. "தண்ணி என்ன கலர்ல இருக்கு?"ன்னு கேட்டாங்க. போனை ஆத்துப் பக்கம் திருப்பிக் காட்டினான். மழைக்காலம்... செம்மண் கலர். "நம்ம தோட்டத்து ஆறு மாதிரியே இருக்கு"ன்னாங்க.

டவுனுக்குத் திரும்பினப்புறம் வாட் தாவோர்ன் வராராம் கோயிலுக்குப் போனோம். அங்கேதான் இந்தப் பாதையில செத்த தமிழர்களுக்காக மலேசியத் தமிழர்கள் முயற்சி எடுத்து, தமிழ்நாடு அரசு நிதியும் சேர்ந்து, 2023-ல் ஒரு நடுகல் வச்சாங்க. பாதை போட்டு முடிச்ச 80-வது வருஷம். நாங்க போனப்ப வேற யாரும் இல்லை.

லாவோஸ்ல முடியுது

பாங்காக்ல இருந்து ராத்திரி ரயில் ஏறினா காலையில மீகாங் ஆறு. 1994-ல் திறந்த நட்புப் பாலத்துல ரயிலுக்கும் காருக்கும் ஒரே பாதை. ரயில் வந்தா வண்டியெல்லாம் ஓரமா நிக்குது! வியன்டியன் கம்சவாத் ஸ்டேஷன்ல நம்ம ஒரு மீட்டர் முடிஞ்சுபோச்சு.

ஊர்ல இன்னொரு பக்கம் சீனா போட்ட புது ரயில். 2021 டிசம்பர்ல திறந்தது. அகலம் 1,435 மில்லிமீட்டர். 400 கிலோமீட்டருக்கும் மேல போற இந்தப் பாதையில கிட்டத்தட்ட பாதி சுரங்கம்தான். ஏர்போர்ட் மாதிரி செக்கிங், 160 வேகம், ரெண்டே மணி நேரத்துல லுவாங் பிரபாங். பஸ்ல போனா ஒரு பகல் முழுக்க ஆகுமாம். ஸ்டேஷன் பலகைகள் லாவோ மொழியிலயும் சீனத்திலயும் இருக்கு.

சுரங்கம் வருது, வெளிச்சம் வருது, மறுபடி சுரங்கம்... ரூம்மேட் ஜன்னல்ல சாய்ஞ்சுக்கிட்டு, "இதைத் தோண்டினவங்க பேரையாவது யாராச்சும் எழுதி வச்சிருப்பாங்கல்ல?"ன்னு கேட்டான். அடுத்த சுரங்கம் வந்துடுச்சு.

கிளம்புறவங்களுக்கு!

* விசா விதிகள் அடிக்கடி மாறுது. டிக்கெட் போடும் முன்னாடி அந்தந்த நாட்டுத் தூதரக அறிவிப்பைப் பாருங்க.

* தாய்லாந்து ஸ்லீப்பர்ல கீழ் பெர்த் அகலம் ஜாஸ்தி, காசும் கொஞ்சம் ஜாஸ்தி. உயரமான பசங்க யோசிக்காம கீழே போடுங்க.

* காஞ்சனபுரியில இருந்து நாம் டோக் போகும்போது இடது பக்க ஜன்னல். ஆறு அந்தப் பக்கம்தான்.

* லாவோஸ் புது ரயில்ல ஸ்ப்ரே பாட்டிலைப் பிடுங்கிடுவாங்க.

* கல்லறைத் தோட்டத்தையும் பாலத்தையும் யாரைக் கேட்டாலும் காட்டுவாங்க. நடுகல்லுக்கு நீங்கதான் விசாரிச்சுப் போகணும். 'வாட் தாவோர்ன்'னு கேளுங்க.