பட்டா யார் பேர்ல?

சின்னாளப்பட்டியில எங்க சித்தப்பா சுங்குடிச் சேலைக் கடை வச்சிருக்காரு. 2019-ல அவருக்கு வெப்சைட் ஆசை வந்துச்சு. "விக்ஸ், வேர்ட்பிரஸ்னு இருக்குல்லப்பா, நாமளே பண்ணிக்கலாம்"னு தங்கச்சி (அவரு பொண்ணு) சொன்னா. வீட்ல 'கம்ப்யூட்டர் படிச்சவன்' நான்தானே! "அதெல்லாம் ரெடிமேட் சட்டை. டெய்லர்கிட்ட அளவு குடுத்துத் தைக்கிற மாதிரி வருமா?"ன்னு பெரிய இவனாட்டம் பேசி, டிசைனரா இருந்த என் சிநேகிதனைக் கோத்துவிட்டேன். 25 ஆயிரம் ரூபாய்.

பொய் சொல்லக்கூடாது, அருமையாத்தான் செஞ்சு குடுத்தான். முடிச்சுப் போட்ட ஒவ்வொரு புள்ளியும் தெரியற மாதிரி படங்கள். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியல. அந்த டாட் காம் முகவரியை 2000 மஞ்சப்பையில அச்சடிச்சுட்டாரு.

2022-ல ஒரு நாள் மதுரையில இருந்து பழைய வாடிக்கையாளர் ஒருத்தர் போன் பண்ணி, "என்னண்ணே, சேலையை விட்டுட்டு சீட்டாட்டத்துல இறங்கிட்டீங்களா?"ன்னு கேட்டிருக்காரு. திறந்து பாத்தா ரம்மி விளம்பரம்!

நடந்தது இதுதான். நம்ம ஆளு டொமைனைத் தன் பேர்ல, தன் பழைய மெயில்ல பதிஞ்சிருக்கான். அப்புறம் வெளிநாடு போயிட்டான். பணம் கட்டச் சொல்லி வந்த மெயிலை யாருமே பாக்கல. டாட் காம் பேர் காலாவதியானதும் உடனே கைவிட்டுப் போயிடாது. கொஞ்ச நாள் அவகாசம், அதுக்கப்புறம் கூடுதல் கட்டணத்தோட 30 நாள் மீட்புக் காலம்னு உண்டு. தீபாவளி வியாபாரத்துல எல்லாத்தையும் கோட்டை விட்டாச்சு. எவனோ வாங்கிட்டான்.

சித்தப்பா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. மிச்சமிருந்த பைகளைத் திருப்பிப் போட்டுத் தைச்சு வச்சிருந்தாரு பாருங்க, அதைப் பாத்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

அப்புறம் தங்கச்சியே ரெண்டு ஞாயித்துக்கிழமையில ஒரு பில்டர்ல புதுசா செஞ்சா. டொமைன் சித்தப்பா பேர்ல, கடை மெயில்ல. படமெல்லாம் மொபைல்ல எடுத்ததுதான், பழைய அழகு இல்ல. ஆனா புதுச்சேலை வந்தா அன்னிக்கே ஏத்திடறா.

அப்ப பில்டர்தான் உசத்தியான்னு கேட்டா, அப்படியும் இல்லைங்க. அது வாடகை வீடு. மாசாமாசம் கட்டணும், நிறுத்தினா கதவு சாத்திடும். பல பில்டர்கள்ல கட்டின பக்கத்தை அப்படியே பேத்து வேற இடத்துக்குக் கொண்டுபோக முடியாது. நாளைக்கு நூறு டிசைன், ஆன்லைன் பணம், கூரியர்னு வியாபாரம் பெருகினா நல்ல டிசைனர்கிட்டத்தான் போகணும்.

போன மாசம் பக்கத்துக் கடைக்காரர் வந்து, "வெப்சைட்டை நாமளே பண்றதா, ஆளை வச்சுப் பண்றதா?"ன்னு கேட்டாரு. நான் தொண்டையைச் செருமறதுக்குள்ள சித்தப்பா முந்திக்கிட்டாரு:

"யார் வேணா கட்டட்டும்யா. பட்டா உன் பேர்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்க."

நான் கமுக்கமா காப்பியைக் குடிச்சேன் :-)