வன்னியின் இரவும் வராத தூக்கமும்



பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவதற்கு வாகன இரைச்சலும் வெளிச்சமும் காரணம் என்கிறார்கள். அப்படியானால் வன்னியில் இருப்பவர்கள் நிம்மதியாக உறங்க வேண்டுமல்லவா? இங்கே இஷாவுக்குப் பிறகு ஊர் அடங்கிவிடுகிறது. காட்டுப் பக்கத்திலிருந்து காற்று வருகிறது. மாரி காலமென்றால் தவளைச் சத்தம், கோடையென்றால் அதுவும் இல்லை. அப்படியிருந்தும் "இரவில் கண் மூட முடியவில்லை மௌலவி" என்று சொல்லும் தாய்மார்களை இந்த மண்ணில் நான் சந்தித்ததுபோல் வேறெங்கும் சந்தித்ததில்லை. ஏன் என்பதை அறிய வேண்டுமானால் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வாருங்கள், போவோம்.

வவுனியாவில் ஸுபஹுக்குப் பிறகு பஸ் ஏறுங்கள். ஏ-9 வீதியில் ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் கடந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் மாங்குளம் வரும். நேரே போனால் கிளிநொச்சி. நாம் கிழக்கே திரும்புகிறோம். ஒலுமடு, ஒட்டுசுட்டான் என்று இருபுறமும் காடும் வயலும் மாறி மாறி வரும். முள்ளியவளையை அடுத்துத் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம். முல்லைத்தீவு மாவட்டத்து முஸ்லிம்களின் பழைய இருப்பிடங்கள் இவைதான். தென்னையும் கமுகும் நிற்கும் குளிர்ந்த வளவுகள். புதிய வீடுகளுக்கு நடுவே பழைய அத்திவாரங்கள் இன்னும் கண்ணில் படும்.

அந்த அத்திவாரங்களின் கதை உங்களுக்குத் தெரியும். 1990 அக்டோபரின் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்க் கிடுகுக் குடிசைகளில் ஒதுங்கினார்கள். 2009 மே மாதம் போர் முடிந்த பிறகே ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பக்கத்துத் தமிழ் மக்களின் நிலை என்ன? முள்ளிவாய்க்கால் வரை ஷெல் வீச்சுக்குள் ஓடி, செட்டிக்குளம் மனிக்பாம் முகாமில் அடைபட்டு, அதன்பின் வந்து வளவைத் துப்புரவாக்கியவர்கள் அவர்கள். ஆக, இந்த ஊர்களில் இரு வீட்டுக்காரருக்கும் இரவு என்பது வெறும் இருட்டு அல்ல. காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய நேரமாக அது பல ஆண்டுகள் இருந்திருக்கிறது.

இந்த ஊர்களில் ஒன்றில், அறுபது வயதைக் கடந்த ஒரு தாயாரோடு விறாந்தையில் இருந்து கதைத்தேன். தலைமாட்டில் பிரிட்டோன் மாத்திரை வைத்திருந்தார். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற சின்ன மஞ்சள் மாத்திரைதான். தூக்கத்துக்கென்று தினமும் இரண்டு போடுகிறாராம்.

"உம்மா, எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?"

"இஷா தொழுத கையோட படுத்திடுவன் மௌலவி, எட்டரைக்கு. படுத்து என்ன? ஒரு மணி மட்டும் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறதுதான்."

"பிறகு?"

"ஸுபஹுக்கு எழும்பித் தொழுதிட்டு அஞ்சேகாலுக்குத் திரும்பப் படுப்பன். அப்பத்தான் நல்லா அசரும். எட்டு மணிக்கு மருமகள் வந்து எழுப்புவா."

"பகலில் படுக்கிறதில்லையா?"

"லுஹர் தொழுதிட்டு ரெண்டு மணித்தியாலம். இரவு முழுக்க முழிச்சிருந்தா பகலிலயாவது படுக்க வேணாமா?"

சகோதரிகளே, நீங்களும் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு ஒரு மணி முதல் நாலரை வரை மூன்றரை மணித்தியாலம். ஐந்தேகால் முதல் எட்டு வரை இரண்டே முக்கால். பகலில் இரண்டு. மொத்தம் எட்டேகால்! தூக்கமே இல்லை என்று அழுதவர் உண்மையில் ஒரு மனிதருக்குத் தேவையான தூக்கத்தைக் குறையில்லாமல் தூங்கியிருக்கிறார். அது மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான். அவர் பொய் சொல்லவில்லை. நாலரை மணித்தியாலம் இருட்டில் தனியே பழையதை நினைத்துக்கொண்டு கிடப்பது பெரிய வேதனை. ஆனால் அந்த வேதனைக்கு மருந்து மாத்திரைக் கடையில் இல்லை.

இந்தக் கணக்கு புதியதுமல்ல. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி அவர்கள், இஹ்யாவில் இரவு பகலின் வணக்க நேரங்களை ஒழுங்குபடுத்தும் இடத்தில், நடுத்தரமான தூக்கம் எட்டு மணித்தியாலம் என்கிறார். அதுவும் இரவையும் பகலையும் சேர்த்து. இரவில் அந்த அளவு தூங்கியவருக்குப் பகல் தூக்கத்தால் பயனில்லை, இரவில் குறைந்தால் பகலில் நிரப்பலாம் என்பது அவரது கருத்து. இரவும் பகலும் ஒரே பணப்பை. பகலில் செலவழித்தது இரவில் இருக்காது. இன்றைய தூக்க மருத்துவமும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் உடலில் தூக்கப் பசி ஏறிக்கொண்டே வருகிறது. மாலை மூன்று மணிவரை படுத்து எழும்பியவருக்கு எட்டரை மணிக்கு அந்தப் பசி எங்கிருந்து வரும்?

ஆகவே தூக்கத்தை இரவில் தேடாதீர்கள், காலையில் தேடுங்கள். எப்போது தூங்குவது என்பது நம் கையில் இல்லை. எப்போது எழும்புவது என்பது நம் கையில் இருக்கிறது. இதில் வன்னி மக்களுக்கு ஒரு வசதி உண்டு. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் இங்கே ஸுபஹு நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. நாலரைக்கும் ஐந்து மணி தாண்டிச் சில நிமிடங்களுக்கும் இடையில்தான் அசையும். ஐரோப்பாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. கோடையில் அங்கே பாங்கு நேரத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கேயோ பாங்கே கடிகாரம். அந்த நேரத்தில் எழும்பி, தொழுது, மீண்டும் பாயில் சாயாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தூங்காத இரவுக்குப் பிறகும் அதே நேரம், பெருநாளன்றும் அதே நேரம்.

மீதிப் பாதி வெளிச்சத்தில் இருக்கிறது. சூரியன் எழும்பியதும் முற்றத்துக்கு வாருங்கள். முற்றம் கூட்டுங்கள், கோழிக்குத் தீன் போடுங்கள், முடிந்தால் குளக்கட்டுவரை நடந்துவிட்டு வாருங்கள். அரை மணித்தியாலம் போதும். வீட்டு மின்குமிழின் ஒளி சில நூறு லக்ஸ் அளவு. வெளியே காலை வெளிச்சம் பல ஆயிரம் லக்ஸ். கண்ணின் விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல் பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதற்கென்றே சில அணுக்கள் உள்ளன. காலை ஒளி அவற்றில் பட்டால் உடலின் கடிகாரம் சரியாகத் தொடங்கி, இருட்டியபின் உறக்கத்துக்கான மெலடோனின் உரிய நேரத்தில் சுரக்கும். வீட்டுக்குள்ளேயே இருந்து சமைத்து, வீட்டுக்குள்ளேயே படுக்கும் பெண்களுக்குத் தூக்கம் கெடுவதற்கு இது ஒரு பெரிய காரணம். வளவுக்குள் வெயில் படுவதற்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை!

பகல் தூக்கம் கூடாதா என்று கேட்பீர்கள். கைலூலா நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. வன்னியின் ஆகஸ்ட் வெயிலில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அது இருபது, முப்பது நிமிடச் சாய்வு. மூன்று மணி தாண்டக் கூடாது. இரண்டு மணித்தியாலம் குறட்டை விடுவதற்குக் கைலூலா என்று பெயர் வைத்து ஏமாறக் கூடாது.

தேத்தண்ணீர் விடயத்தில் நான் சொல்வது எவருக்கும் பிடிப்பதில்லை. குடித்த தேநீரின் கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் ஆகிறது. மஃரிபுக்குப் பின் குடித்த பிளேன்டீ நள்ளிரவிலும் வேலை செய்கிறது. அஸரோடு நிறுத்துங்கள். இஷாவுக்குப் பிறகு விருந்தாளி வந்தால் தேயிலை போடாத இஞ்சித் தண்ணீரோ மல்லித் தண்ணீரோ கொடுத்தால் மரியாதை குறைந்துவிடாது. புகையிலை சேர்த்த வெற்றிலையும் இதே கணக்குத்தான். புகையிலையும் பாக்கும் விழிக்கச் செய்பவை. அதை வாயில் அடக்கிக்கொண்டு படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் எப்படி?

இனி இரவு. அந்தத் தாயாருக்கு நான் சொன்ன முதல் விடயம் அவரைத் திடுக்கிட வைத்தது. எட்டரைக்குப் படுக்காதீர்கள், பத்தே முக்காலுக்குப் படுங்கள் என்றேன். "இஷாவுக்குப் பிறகு முழிச்சிருந்து கதைக்கிறது கூடாதென்று ஓதித் தந்தாங்களே மௌலவி?" என்றார். சரியான கேள்வி. இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன்பின் வீண்பேச்சையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பது ஸஹீஹான செய்தி. ஸுபஹு தவறிப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஓதுவது, கல்வி, விருந்தாளி, வீட்டாரோடு தேவையான பேச்சு ஆகியவற்றை உலமாக்கள் விலக்காகச் சொல்லியிருக்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் திக்ரு செய்யலாம், துணி மடிக்கலாம். கைத்தொலைபேசியும் தொலைக்காட்சி நாடகமும்தான் வேண்டாம். மாமியார் மருமகளை அழவைக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு எந்த மனம் உறங்கும்?

படுக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்கி, தூக்கம் ஒட்டியபின் கிழமைக்குக் கால் மணி நேரமாகக் கூட்டும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் 1987இல் எழுதினார். ஐந்தரை மணித்தியாலத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. வலிப்பு நோயோ இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இதைச் செய்யவே கூடாது. முதல் கிழமை முன்னைவிட மோசமாகவே இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று பாயைப் பற்றியது. 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்பவர் சொன்னது. தூங்காமல் நெடுநேரம் பாயில் கிடந்தால், பாயைக் கண்டதும் விழித்துக்கொள்ள உடல் பழகிவிடுகிறது. விறாந்தையில் உட்கார்ந்தபடி தூங்கி விழுபவர் உள்ளே போய்ப் பாயில் சாய்ந்ததும் கண் பளிச்சென்று திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே இருபது நிமிடமளவில் உறக்கம் வராவிட்டால் எழும்பி வேறிடத்தில் அமருங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். ஓர் இரவில் நாலு தடவை எழும்ப நேர்ந்தாலும் எழும்புங்கள். பாய் தூக்கத்துக்கு மட்டுமே என்று உடலுக்கு மீண்டும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

வன்னியில் இந்தப் பாடம் மற்ற இடங்களைவிடக் கடினமானது. ஷெல் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்கு ஓடவும், கதவு தட்டினால் பிள்ளையை அணைத்துக்கொள்ளவும் பழகிய உடல்கள் இவை. இன்றும் காலபோக நெல் முற்றும் நாட்களில் ஆண்கள் யானைக் காவலுக்குப் பரணில் விழித்திருக்கிறார்கள். யானை வெடி கேட்கும்போதெல்லாம் வீட்டில் இருக்கும் பெண்ணும் எழும்பி உட்காருகிறாள். அவளிடம் போய்க் "கவலைப்படாமல் தூங்கு" என்று சொல்வது நியாயமா? காவல் நாட்களில் தூக்கம் குறைவது நோயல்ல. அறுவடை முடிந்த பிறகும் காது காவல் இருப்பதுதான் நோய்.

வடக்கில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரில் மனம் நொந்தவர்களுக்கு அவரவர் மரபில் உள்ள சாந்த வழிகளையே கற்பித்தார். மூச்சோடு சேர்த்து மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்லும் சொற்கள் அவற்றில் ஒன்று. முஸ்லிம்களுக்கு அது 'ஸுப்ஹானல்லாஹ்'. நம் பாட்டிமார் தஸ்பீஹை உருட்டிக்கொண்டே உறங்கிப்போனதை நினைத்துப் பாருங்கள். தூங்க வேண்டும் என்பதற்காக எண்ணிக்கொண்டிருந்தால் அது வேலை செய்யாது. எண்ணிக்கையை விட்டுவிட்டு மூச்சை நீட்டிச் சொல்ல வேண்டும். மாலையில் கிணற்றடியில் ஒரு குளிப்பு, காற்று வருகிற விறாந்தை, நுளம்பு வலை ஆகியவையும் உதவும். உடலின் உட்சூடு தணியும்போதே உறக்கம் வருகிறது.

வீட்டு ஆண்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். கடைசியாகப் படுத்து முதலாவதாக எழும்புகிறவள் அநேகமாக வீட்டுக்காரிதான். ரமழானில் ஸஹருக்கு மூன்று மணிக்கே அடுப்படியில் நிற்பவளும் அவளே. அவளுடைய கைலூலா நேரத்தில் "தேத்தண்ணி எங்கே?" என்று கேட்காமலிருப்பது பெரிய உதவி.

அந்தத் தாயார் ஸுபஹுக்குப் பின் படுப்பதை நிறுத்தினார், பகல் தூக்கத்தைக் குறைத்தார். இரண்டு மாதம் கழித்து நான் போனபோது பதினொன்றரை மணிக்குள் அசந்துவிடுவதாகச் சொன்னார். நடுவில் ஒருமுறை விழிப்பு வருகிறதாம். இந்த வயதில் அது வழமைதான். தேத்தண்ணீரை மட்டும் விட ஏலாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எல்லாருக்கும் இது போதுமா? இல்லை. புத்தளத்தில் நெடுங்காலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த 450 பேரிடம் எடுக்கப்பட்டு 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரிடம் மனச்சோர்வு, பதற்றம், காரணம் புலப்படாத உடல்வலி போன்ற தொல்லைகள் இருந்ததாகக் கண்டது. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தாலோ, கனவில் பழைய சம்பவமே திரும்பத் திரும்ப வந்தாலோ, குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறினாலோ வைத்தியரைக் காணுங்கள். வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போங்கள். அது ஈமானில் குறை அல்ல, நோய். வவுனியா, கிளிநொச்சி, மாஞ்சோலை ஆகிய மாவட்ட வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். போக வழியில்லாவிட்டால் 1926 என்ற தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கத்துக்கு அழைக்கலாம். ஏற்கெனவே வைத்தியர் தந்த தூக்க மாத்திரையைச் சொந்த யோசனையில் திடீரென்று நிறுத்தாதீர்கள். நாட்கணக்காகப் போட்டால் பலன் குறைந்து, வயதானவர்களைத் தடுமாறி விழவைக்கும் பிரிட்டோன் பழக்கத்தைப் பற்றியும் அவரிடமே சொல்லுங்கள். போகும்போது இரண்டு கிழமைக்கு எப்போது படுத்தீர்கள், எப்போது எழும்பினீர்கள், பகலில் எவ்வளவு தூங்கினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.