ஈரப் போர்வையும் கரடியும்

பிறர் மகிழ்ச்சியைக் குலைப்பவரைச் சுட்டுவதற்கு எம்மொழியிலும் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில், மகிழ்ச்சியைக் கொல்பவர் எனும் பொருளில் ‘கில்ஜாய்’ என்பர். விளையாட்டைக் கெடுப்பவரை ‘ஸ்பாயில்ஸ்போர்ட்’ என்பர். கூடிக் களிக்கும் இடத்தில் முகம் வாடி அமர்ந்து மற்றவர் உற்சாகத்தையும் தணித்துவிடுபவரை ‘வெட் பிளாங்கெட்’, அதாவது ஈரப் போர்வை என்பர். பரவையில் வாழும் நமக்கோ ஒரு தொடரே போதும்: ‘சிவபூசையில் கரடி’.

டச்சு அறிஞர் யோகான் ஹோய்சிங்கா 1938-இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ எனும் நூலில் நுட்பமான ஓர் உண்மையைக் காட்டினார். ஆட்டத்தில் ஏமாற்றுபவனைக்கூடக் கூட்டம் பொறுத்துக்கொள்ளும். ஆட்டத்தையே கலைப்பவனைப் பொறுக்காது. முன்னவன் விதிகளை ஏற்பதாக நடிக்கவாவது செய்கிறான். பின்னவனோ ஆட்டத்தின் உலகையே உடைத்துவிடுகிறான். இச்சொற்களில் இத்தனை சினம் தேங்கியிருப்பது அதனால்தான்.

ஆயினும் இவற்றைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். ஈரப் போர்வை தீயை அணைப்பது. அடுப்பின்மேல் விழுந்தால் சமையல் கெடும். பற்றியெரியும் பொருளின்மேல் விழுந்தால் வீடு பிழைக்கும். கரடியும் அப்படியே. அது விலங்கன்று, அப்பெயர் கொண்ட பழைய பறையே என்று கூறுவாரும் உளர். அவ்வாறாயின், பூசையைக் கெடுத்ததாக நாம் பழிக்கும் கரடி, பூசையில் முழங்கிய கருவியே!

விழா இரவொன்றில் ஒலிபெருக்கி முழங்குகிறது. அடுத்த வீட்டு முதியவருக்கு உறக்கமில்லை. மறுநாள் தேர்வெழுதும் பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறது. “சற்றுக் குறையுங்கள், ஐயா” என்று கேட்பவருக்கு உடனே கரடிப் பட்டம் கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பொதுவிடத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்காலச் சில நாள்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு விலக்களிக்கலாம். ஆனால் சட்டம் நினைவுக்கு வருமுன்னரே, அவர் நம் அயலார் அல்லரோ?

காணாமற்போன மகன் உவமையில் மூத்தவன் விருந்துக்குள் நுழைய மறுத்தான். தம்பிக்குக் கிட்டிய வரவேற்பு அவனுக்குப் பொறுக்கவில்லை. பிறர் மகிழ்வதே நோவாகிவிடும் அத்தகையோருக்கு அப்பெயர்கள் பொருந்தும். விருந்துக்கு வெளியே வருந்தும் ஒருவருக்காகப் பேச வருபவரோ வேறு. முன்னவர் மகிழ்ச்சியைச் சுருக்குகிறார். பின்னவர் அதை அடுத்த வீட்டுக்கும் விரிக்கக் கேட்கிறார். பெயர் சூட்டுமுன், வந்திருப்பவர் இவ்விருவருள் எவர் என்று நாம் பார்ப்போமாக.